காளத்தி வண்ணத்துகிலும் கைவழிக் கல்வியும்

கூடூரிலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், காளத்தியை அடுத்து ஏர்பேடு என்றொரு நிலையம் உண்டு. வட மாநிலங்களில் வாழும் நம்மவருள் திருமலைக்கு வழிபாட்டின் பொருட்டு வருவோர் பலர், இந்த ஊரைக் கடந்தே சென்றிருப்பர். பெயர்ப்பலகையைச் சாளரத்தின் வழியே கண்டதோடு அமைந்து, பெட்டி படுக்கைகளைக் கட்டத் தொடங்கியிருப்பர். ஆனால் இந்த நிலப்பகுதி நமக்கு அயலானதன்று. காளத்தி, தேவார முதலிகள் மூவரும் பாடிய தலம். அதன் அருகே ஓடும் சுவர்ணமுகி ஆற்றைத் தமிழ் நூல்கள் பொன்முகலி என்று போற்றும். 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்த இப்பகுதி, 1953 வரை சென்னை மாநிலத்தின் ஆட்சியில் இருந்தது. பின்னர் ஆந்திர மாநிலத்திலும், 1956 முதல் ஆந்திரப் பிரதேசத்திலும் இடம்பெற்றது. 2022ஆம் ஆண்டு திருப்பதி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஏர்பேடும் காளத்தியும் அப்புதிய மாவட்டத்தைச் சார்ந்தன.

ஏர்பேடு மண்டலத்தில் இன்று இருவகைக் கல்வி அருகருகே நிகழ்ந்து வருகிறது. 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அதே ஆண்டில் தோன்றிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இம்மண்டலத்தில் தம் நிலையான வளாகங்களைக் கொண்டுள்ளன. அங்கே கல்வி என்பது நூலும் சோதனைக்கூடமும் தேர்வும் பட்டமுமாகும். அதே மண்டலத்தைச் சேர்ந்த மாதவமாலை என்னும் சிற்றூரோ மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே ஒரு தெய்வ உருவத்தின் முகம் இத்தனை பங்கு, உடல் இத்தனை பங்கு என்னும் அளவை, மரத்தின்மீது உளி படும் ஓசையைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அறிகின்றனர். அண்டையூராகிய காளத்தியில், எழுதுகோலால் துணியில் சித்திரம் தீட்டும் கலம்காரித் தொழில் நடைபெறுகிறது. இந்த இரண்டாம் வகைக் கல்வியைக் கைவழிக் கல்வி என்று நாம் பெயரிட்டுக்கொள்வோம். அது எவ்வாறு கற்கப்படுகிறது, அதனை அறிய முயன்றோர் யாவர், அவர்கள் முயற்சியால் விளைந்தது யாது என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். கலம்காரியின் வரலாறு இதற்கு மிகப் பொருத்தமான சான்றாக அமைகிறது. உலகில் வேறு சில கைத்தொழில்களே அதைப்போல இத்தனை முறை அயலாரால் ஊன்றிக் கவனிக்கப்பட்டு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

கலம் என்பது எழுதுகோலைக் குறிக்கும் பாரசீகச் சொல். கலம்காரி என்பது எழுதுகோலால் செய்யும் வேலை. மசூலிப்பட்டினத்தைச் சூழ்ந்த ஊர்களில் மர அச்சுகளால் பதிக்கும் முறை வழங்குகிறது. காளத்தியிலோ எழுதுகோல் ஒன்றே கருவி. இராமாயண, பாரதக் காட்சிகளைக் கட்டம் கட்டமாக எழுதி, ஒவ்வொன்றின்கீழும் தெலுங்கில் விளக்கம் தீட்டிய பெரிய துணிகள், கோயில்களில் திரையாகவும் பின்னணித் தொங்கலாகவும் பயன்பட்டன. தமிழ்நாட்டிலும் இக்கலை வழங்கியது. கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டையில் தேர்ச்சீலைகளும் தொம்பைகளும் இம்முறையில் எழுதப்பட்டன. தஞ்சை மராட்டிய அரசர் ஆதரித்த கோடாலிக் கருப்பூர்ச் சேலையும் இம்மரபின் உறவே. கருப்பூர்க் கலம்காரி என்ற பெயருக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தொழிலில் கற்கவேண்டுவது யாது என்பதை உணர, அதன் நடைமுறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். புதிய பருத்தித் துணியை முதலில் துவைத்துக் கஞ்சிப் பசையை நீக்குவர். பின்னர்க் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் அதனைத் தோய்த்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பற்றிக்கொள்ள உதவும். பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கும். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதல் உருவரையை இடுவர். மூங்கில் குச்சியின் முனையைக் கூராகச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளியையோ துணியையோ உருண்டையாகச் சுற்றி, நூலால் இறுகக் கட்டியதே எழுதுகோல். அவ்வுருண்டை மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரல்கள் அதனை மெல்ல அழுத்தும்போது மை முனைக்கு இறங்கும். அழுத்தம் மிகுந்தால் துளி சொட்டும்; குறைந்தால் கோடு அறும்.

கறுப்பு மை கடையில் வாங்குவதன்று. துருவேறிய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரிலிட்டுப் பல நாள் புளிக்கவிட்டால் உண்டாகும் கரைசலே அது. கடுக்காய் ஏறிய துணியின்மேல் பட்டவுடன் அது கறுத்து நிலைக்கும். சிவப்பு வேண்டும் இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டி, உலரவிட்டு, ஓடும் நீரில் அலசி, பின்னர்ச் சாயவேர், வேம்பாடம்பட்டை, மஞ்சிட்டி முதலியவற்றுள் கிடைப்பதைச் சேர்த்துக் கொப்பரையில் கொதிக்கவைப்பர். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை ஏற்கும். ஏனைய இடங்களில் படிந்த மங்கல் நிறம் சாணநீரிலும் வெயிலிலும் வெளுக்கும். மீண்டும் பாலில் தோய்த்து, கடுக்காய்ப்பூ முதலியவற்றால் மஞ்சளும், அவுரியால் நீலமும், மஞ்சளின்மேல் நீலம் தீட்டிப் பச்சையும் அமைப்பர். இப்பெயர்களுள் பல, நம் பாட்டிமார் நாட்டு மருந்துக் கடைக்கு நம்மை அனுப்பிய காலத்திலேயே நமக்கு அறிமுகமானவை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். படிகாரக் கரைசல் நிறமற்றது. அதனைத் தீட்டுபவன் தன் கை எங்கே சென்றது, எவ்வளவு கனமாகப் படிந்தது என்பதை அப்போது கண்ணால் தெளிவாகக் காண இயலாது. இன்று தீட்டியதன் நன்மை தீமை, சில நாள் கழித்துக் கொப்பரையிலிருந்து துணியை எடுக்கும்போதுதான் தெரியும். அலசும் நீர் தேங்கிய நீராயின் படிகாரம் கலைந்து பிற இடங்களில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் பிழை நேர்ந்த இடம் எது, தீட்டியபோதா, அலசியபோதா, கொதிக்கவைத்தபோதா என்று இளம் கற்பவன் தானே கண்டுபிடிக்க மாட்டான். பலமுறை அதே பிழையைக் கண்ட மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலன்றி அவன் தேற வழியில்லை. இக்கலை தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள் கற்பிக்கப்பட்டமைக்குத் தொழில் மறைவும் சாதிக் கட்டும் காரணங்களாக இருந்தன என்பது உண்மையே. ஆயினும் தொழிலின் இயல்பிலேயே அமைந்த இக்காரணத்தையும் நாம் மறத்தலாகாது.

முதலில் இதனை எழுத்தில் பிடிக்க முயன்றோர் ஐரோப்பியர். சோழமண்டலக் கரையின் வண்ணத்துகில்கள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெருவிருப்பத்தை எழுப்பின. துவைத்தும் மங்காத நிறம் அவர்களுக்கு வியப்பாயிற்று. தம் நாட்டு நெசவாளர்களைக் காக்கும் பொருட்டு பிரெஞ்சு அரசு 1686ஆம் ஆண்டு இத்துணிகளைத் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்திலும் 1700, 1720 ஆகிய ஆண்டுகளில் தடைச்சட்டங்கள் இயற்றப்பட்டு, 1774இல்தான் நீக்கப்பட்டன. தடைசெய்த பொருளின்மேல் ஆவல் குறையவில்லை. அதன் இரகசியத்தை அறியும் முயற்சியும் ஓயவில்லை.

1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரிக்கு வந்த பியூலியூ என்னும் பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, பாரிசிலிருந்த தூஃபே என்ற அறிவியலாரின் வேண்டுகோளின்படி, சித்திரகாரர் ஒருவர் தம் கண்ணெதிரே வேலை செய்யுமாறு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அப்படியின் விளக்கத்தோடு இணைத்துவைத்தார். வெள்ளைத் துணி எவ்வாறு படிப்படியாக வண்ணத்துகிலாயிற்று என்பதைக் காட்டும் அத்துண்டுகள் பாரிசில் இன்றும் பாதுகாக்கப்பெறுகின்றன. கைத்தொழிலை ஆராய்வோர் இன்று கையாளும் முறைக்கு, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்தகைய முன்மாதிரி தோன்றிவிட்டது. அடுத்து 1742ஆம் ஆண்டு, கேர்து என்ற இயேசு சபைத் துறவி, தம்மிடம் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சித்திரகாரர்களைக் கேட்டறிந்து, தொழில்முறை முழுவதையும் நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். இவரே பின்னர் 1767இல் வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டிப் பிரெஞ்சு அறிஞர் கழகத்துக்கு எழுதியவர். 1795ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில், வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற தாவர நூலார் சாயவேர்ச் செடியையும் அதனைக்கொண்டு சிவப்பேற்றும் முறையையும் விளக்கினார்.

இவ்வாராய்ச்சிகளின் பயன் யாது? ஐரோப்பியர் செய்முறையைக் கற்றனர். படிகாரத்தின் செயலை அறிந்தனர். 1752இல் அயர்லாந்தில் செப்புத் தகட்டால் துணியில் அச்சிடும் முறை தோன்றியது. 1760இல் பாரிசுக்கு அண்மையிலுள்ள ஜூயி என்ற ஊரில் ஓபர்கம்ப் தம் புகழ்பெற்ற ஆலையை நிறுவினார். 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். 1868இல் ஜெர்மன் வேதியியலார் இருவர் சிவப்புச் சாயத்தின் சத்தைச் செயற்கையாக ஆக்கிக்காட்டினர். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. சாயவேரைத் தோண்டியும் அவுரியைப் பயிரிட்டும் பிழைத்தோரின் வாழ்வு இவற்றால் சிதைந்தது. ஆலைத்துணி நம் சந்தைகளை நிறைத்தபோது, கடற்கரைச் சித்திரகாரர் பலர் தொழிலைக் கைவிட்டனர்.

கேர்துவுக்குச் சொல்லிக்கொடுத்த சித்திரகாரர்களின் பெயர் எதுவும் உலக வரலாற்றில் வழங்கவில்லை. பியூலியூவின் முன் அமர்ந்து எழுதியவரும் அவ்வாறே. அறிவைத் தந்தவர் பெயரற்றுப்போக, அதனை எழுதியவர் பெயர் நிலைத்தது. அவர் தந்த அறிவே பின்னர் அவர் மரபினரின் பிழைப்புக்குப் போட்டியாக வந்து நின்றது. கைத்தொழில்களை ஆராயப் புகும் எவரும் முதலில் எண்ணிப்பார்க்கவேண்டிய செய்தி இது.

ஆயினும் வேறொன்றும் இங்கே விளங்குகிறது. ஐரோப்பியர் இங்கிருந்து கொண்டுபோனது செய்முறை, கை அன்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வேறுபாடு எளிதில் புலனாகிறது. ஒரு சொல்லின் பொருளை மற்றொரு மொழியில் தந்துவிடலாம். அச்சொல்லை இளமையிலிருந்து கேட்டு வளர்ந்தவன் செவியில் அது எழுப்பும் ஒலியைத் தருதல் அரிது. அதுபோலவே, 'இரும்புக் கரைசல் பதமாகும் வரை காத்திருக்க' என்று எழுதிவிடலாம். பதம் என்பது யாது என்பதை அதன் மணமும், ஒரு துளியைத் துணியில் வைத்துப் பார்த்தபோது எழும் கறுப்பின் ஆழமுமே அறிவிக்கும். ஐரோப்பிய ஆலைகள் இந்தக் கையறிவின் தேவையையே நீக்கிவிட்டன. கோட்டை இழுக்கும் வேலையைத் தகட்டுக்கும் உருளைக்கும் ஒப்படைத்தன.

நம் நாட்டில் கைத்தொழிலைப் பள்ளியில் கற்பிக்கும் முயற்சி, 1850ஆம் ஆண்டு மருத்துவர் அலெக்சாந்தர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. அப்பள்ளியின் தலைவராயிருந்த ஹாடவே, சென்னை மாகாணத்தில் துணியில் எழுதும் முறையையும் அச்சிடும் முறையையும் பற்றி 1917இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்னரே, ஆனந்த குமாரசாமி இலங்கையின் கண்டிப் பகுதிக் கைவினைஞரிடையே ஆராய்ந்து, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டிருந்தார். கற்பவர் முதலில் இரு வளைகோடுகளால் ஆன எளிய உருவத்தை எழுதிப் பழகி, அதிலிருந்து கொடி, பூ, விலங்கு என்று வளர்ந்து செல்லும் முறையை அவர் அதில் குறித்துவைத்தார். செய்பொருளை மட்டும் நோக்காமல், செய்பவன் எவ்வாறு உருவாகிறான் என்று நோக்கியதில் குமாரசாமியின் சிறப்பு அடங்கியுள்ளது. 1909இல் அவர் எழுதிய இந்தியக் கைவினைஞன் என்னும் நூலும் இக்கருத்தையே வலியுறுத்திற்று: பட்டறையிலும் வீட்டிலும் வாழ்க்கையோடு ஒன்றாகக் கற்கும் கல்வியை உடைத்துவிட்டு, அதன் பயனை மட்டும் பெற எண்ணுதல் இயலாது என்பது அவர் துணிபு.

நாடு விடுதலை பெற்றபோது காளத்தியில் இத்தொழிலை முழுமையாக அறிந்தோர் மிகச் சிலராகக் குறைந்திருந்தனர். 1952இல் அமைக்கப்பெற்ற அகில இந்தியக் கைத்தொழில் வாரியத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கமலாதேவி சட்டோபாத்யாய, அழியும் நிலையிலிருந்த தொழில்களைத் தேடி நாடெங்கும் பயணம் செய்தவர். அவர் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் காளத்தியில் கலம்காரிப் பயிற்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. மூத்த சித்திரகாரரான ஜொன்னலகட்ட இலட்சுமய்யா அதில் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். அவர் மகன் குருப்பச் செட்டி, பள்ளியாசிரியராகவும் சித்திரகாரராகவும் விளங்கி, 2008ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில், 1957இல், மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியதும், 1961 முதல் 1988 வரை கணபதி ஸ்தபதி அதன் தலைமையேற்று வளர்த்ததும் நேயர்கள் அறிந்ததே. இரண்டிடத்தும் நிகழ்ந்தது ஒன்றே: குலவழியாக வந்த அறிவு, அரசின் துணையோடு வகுப்பறைக்குள் புகுந்தது.

இம்மாற்றம் எளிதன்று. வீட்டில் கற்கும் பிள்ளைக்குக் கால வரையறை இல்லை. ஐந்து வயதில் கடுக்காய் இடித்த நாற்றம் மூக்கில் ஏறும். எட்டு வயதில் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்பான். எழுதுகோலைக் கையில் எடுக்கும்போது ஏனைய யாவும் அவனுக்கு அறியாமலே தெரிந்திருக்கும். பயிற்சி நிலையத்துக்கு வருபவரோ வளர்ந்தவர். குறித்த காலத்துக்குள் தேர்ச்சி பெறவேண்டியவர். ஆதலால் வீட்டில் சொல்லப்படாமலே விளங்கியவற்றை அங்கே சொல்லவேண்டியதாயிற்று. அளவுகளைக் குறிக்கவும், படிகளை வரிசைப்படுத்தவும், முகம், கை, அணி, கொடி எனத் தனித்தனியே பழக்கவும் நேர்ந்தது. இதனால் கலை எந்திரத்தன்மை அடைந்துவிடும் என்று அஞ்சியோர் உண்டு. அவ்வச்சம் முற்றிலும் பொய் என்று கூறுதற்கில்லை. ஆனால் எதிர்த்தட்டில் வைத்து நிறுக்கவேண்டிய நன்மை ஒன்று உண்டு. பரம்பரையில் பிறவாதவரும் இக்கலைக்குள் வரும் வாயில் அன்றுதான் திறந்தது. இன்று காளத்தியில் எழுதுவோர் பல குலத்தினர். பெண்கள் மிகப் பலர். துவாரகா என்ற பெயரால் அறியப்படும் அமைப்பு போன்றவை அங்குள்ள பெண்களை ஒன்றுசேர்த்து வேலைவாய்ப்பும் சந்தையும் தேடித்தந்துள்ளன. குடும்பத்துக்குள்ளேயே அடைத்துவைத்திருந்தால், அந்தச் சில குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடிச் சென்ற நாளில் கலையும் உடன் சென்றிருக்கும்.

வகுப்பறை அமைந்த பின்னரும் கைவழிக் கல்வியின் பழைய ஒழுங்கு முழுதும் மறைந்துவிடவில்லை. கூடி வேலைசெய்யும் இடங்களில் தேர்ந்தவர் உருவரையைத் தீட்டுகின்றனர். புதியவர் வரைந்த கோட்டுக்குள் நிறம் நிரப்புகின்றனர், துணியை அலசுகின்றனர், கொப்பரையைக் கிண்டுகின்றனர். அதாவது, துணியில் முதலில் நிகழும் வேலை கற்பவருக்குக் கடைசியில் வாய்க்கிறது. இதன் நுட்பத்தை விளக்கியவர் ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானிடவியலார். ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில் தையற்காரரிடம் பயிலும் இளைஞரை அவர் ஆராய்ந்தார். அவர்கள் முதலில் பொத்தான் தைக்கவும் ஓரம் மடிக்கவும் கற்று, பின்னர்த் துண்டுகளை இணைக்கக் கற்று, இறுதியிலேயே துணியை வெட்டக் கற்றனர். பொத்தானில் நேரும் பிழையைத் திருத்தலாம். வெட்டில் நேரும் பிழையோ துணியையே கெடுத்துவிடும். மேலும், முடிந்த உடையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குபவனுக்கு, தான் எதை நோக்கிச் செல்கிறான் என்பது முதல்நாளே தெரிந்துவிடுகிறது. 1991இல் வெங்கர் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலில், கற்றல் என்பது ஒரு தொழிற்கூட்டத்தின் ஓரத்தில் இடம்பெற்று, மெல்ல மெல்ல அதன் நடுவே செல்வதே என்று லேவ் நிறுவினார். காளத்தியில் நிறம் நிரப்பும் பெண்ணின் நிலையும் இதுவே. அவள் தேர்ந்தவரின் கோட்டை நாள்தோறும் தன் கோலால் பின்தொடர்கிறாள். அக்கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பது அவள் கைக்குப் பழகிவிடுகிறது.

இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி தோன்றிய வரலாறும் இதனோடு இணைந்ததே. அரசின் அழைப்பின்பேரில் இங்கு வந்த அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரேயும் 1958ஆம் ஆண்டு ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீடுகளில் வழங்கும் செம்பை அவ்வறிக்கை வியந்து பேசுகிறது. தனி ஒருவர் வடித்ததாக இன்றித் தலைமுறை பலவற்றின் கைப்பட்டுச் செம்மையுற்ற பொருள் அது என்று அவர்கள் கண்டனர். அவ்வறிக்கையின் விளைவாக 1961இல் ஆமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அமைந்தது. அதன் பின்னர், வடிவமைப்பு பயிலும் மாணவர் கைவினையூர்களுக்குச் சென்று தங்கி, தொழிலை வரைந்தும் எழுதியும் பதிவுசெய்யும் வழக்கம் வேரூன்றியது. அவர்களுள் சிறந்தோர், கேள்வி கேட்பதோடு நில்லாமல், கைவினைஞரின் பக்கத்தில் அமர்ந்து தாமே கற்பவராகின்றனர். 'எப்படித் தெரிகிறது?' என்று கேட்டால் 'கைக்குத் தெரியும்' என்றே பெரும்பாலும் விடை வரும். அந்த விடையின் பொருளைக் கை பழகியவரே அறிவர். நாம் சொல்லக்கூடியதைவிட அறிந்தது மிகுதி என்னும் உண்மையைத் தத்துவ முறையில் விளக்கிய மைக்கேல் போலானியின் நூல்கள் 1958, 1966 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. நம் பட்டறைகளோ அந்த உண்மையை நெடுங்காலமாக வாழ்ந்துகாட்டி வந்துள்ளன.

காளத்தி மண்ணுக்கே உரிய பழங்கதை ஒன்றும் இங்கு நினைவுக்கு வருகிறது. கண்ணப்பராக மாறுமுன் திண்ணனார் வேட்டுவச் சிறுவர். அவர் வில்தொழில் கற்கத் தொடங்கியதை ஊரே கூடிக் கொண்டாடிய பெருவிழாவாகச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். ஒரு கையறிவு இளையவனிடம் ஒப்படைக்கப்படும் நாள், அக்குடிக்குத் திருநாளாக இருந்தது. அறிவு தனிமனிதனின் உடைமையன்று. கூட்டத்தின் பொறுப்பு என்ற எண்ணம் அவ்விழாவின் அடியில் இருக்கிறது.

இன்றைய நிலை முற்றும் மகிழத்தக்கதன்று. 2005-06இல் காளத்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆனால் அதே சித்திரங்களைத் திரையச்சிலும் எந்திர அச்சிலும் பதித்த மலிவான துணிகள், கலம்காரி என்ற பெயரோடே எல்லா நகரங்களிலும் விற்பனையாகின்றன. பொன்முகலியில் ஆண்டின் பெரும்பகுதியும் நீரோட்டம் இல்லை. ஓடும் நீரின்றிப் படிகாரத்தை அலசுதல் அரிது. வேரும் பட்டையும் விலையேறியமையால் வேதிச்சாயத்தை நாடுவோரும் உளர். 2010ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் காளத்திக் கோயிலின் பெரிய கோபுரம் இடிந்து விழுந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1516இல், எழுந்த அக்கோபுரம் மீண்டும் கட்டப்பட்டு 2017இல் குடமுழுக்குக் கண்டது. கோபுரம் விழுந்தால் நாடு முழுதும் அறிகிறது. மீண்டும் எழுப்பப் பொருளும் குவிகிறது. ஒரு முதிய சித்திரகாரரின் கை ஓய்ந்துபோகும்போது அத்தகைய ஓசை எழுவதில்லை. அவரிடம் கற்றவர் எவரும் இல்லையாயின், பியூலியூவைப்போல எத்தனை துணித்துண்டுகளைச் சேமித்துவைத்தாலும் அக்கை மீளாது.

ஆதலால் ஆராய்ச்சியாளரின் கடமை இருவகைப்படும். தமக்குக் கற்பித்தவர் பெயரை, அவர் இசைவோடு, முன்வைத்து எழுதவேண்டும். எழுதியதன் பயன் அவர் ஊருக்குத் திரும்புமாறு செய்யவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்த அநீதி மறுபடி நேராமல் இருக்க இதுவே வழி. இரண்டாவதாக, பதிவு என்பது கற்பித்தலுக்கு ஈடாகாது என்பதை உணர்ந்து, கற்பவர்க்கும் கற்பிப்பவர்க்கும் நேரமும் ஊதியமும் கிடைக்கும் நிலையை நாடவேண்டும். பெருங்கல்விக் கூடங்கள் இரண்டு இப்போது ஏர்பேட்டில் வந்து அமர்ந்துள்ளன. நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தி அலசும் முறை, சாயச்செடிகளை வளர்க்கும் முறை போன்றவற்றில் அறிவியல் அறிந்தோர் அண்டையிலுள்ள கைவினைஞர்க்குத் துணையாதல் கூடும். அவர்களிடமிருந்து இவர்கள் கற்கவேண்டியவையும் பல உண்டு.

வெளி மாநிலங்களில் குடிபுகுந்து வாழும் நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கண்காட்சிகளில் கலம்காரித் துணியைக் காணும்போது, கோடு எல்லா இடத்தும் ஒரே சீராக உள்ளதா, மறுபுறம் நிறம் ஊறியுள்ளதா, எழுதியவர் யார் என்று நின்று கேட்கலாம். அச்சுத்துணிக்கு அதற்குரிய விலையும், கைத்துணிக்கு அதற்குரிய விலையும் தரலாம். இன்னும் நெருக்கமான பாடமும் உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க வார இறுதி வகுப்புகளும் பாடநூல்களும் அமைத்துள்ளோம், அவை இன்றியமையாதவை. ஆனால் காளத்தியின் வரலாறு காட்டுவதுபோல், வகுப்பறை வீட்டுக்குத் துணையாகுமேயன்றி வீட்டின் இடத்தை முழுதும் நிரப்பாது. பெரியவர் பேசும்போது அருகில் அமரவும், தவறாகப் பேசினும் பேச்சில் கலந்துகொள்ளவும், சிறு வேலைகளைத் தமிழிலேயே செய்து முடிக்கவும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் இடம் வேண்டும். திருப்பதிக்கு மறுமுறை செல்வோர், ஒரு நாளை மிகுதியாக ஒதுக்கிக்கொண்டு காளத்தியில் இறங்கி, பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, எழுதுகோல் துணியில் ஓடுவதைச் சிறிது நேரம் காண்பாராக.